முதுகுக்காரர்

நான் பிரேம் கடை வைத்திருப்பவள். இருபத்தாறு வருடங்களாக அடுத்தவர் முகங்களுக்கு நான்கு பக்கமும் மரச்சட்டம் அடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கல்யாண முகம், பட்டம் வாங்கிய முகம், போய்ச் சேர்ந்த முகம் என்று எது வந்தாலும் முகத்தைப் பார்க்காமல் அளவை மட்டும் பார்க்கப் பழகிவிட்டேன். அந்த மனிதர் முதல்முறையாக ஓர் எண்ணெய் ஓவியத்தைப் பழைய போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தபோதும் அளவு நாடாவைத்தான் கையில் எடுத்தேன். போர்வையை விலக்கினால் ஒரு பெண்ணின் முதுகு. பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ரவிக்கையின் ஒரு கொக்கி விட்டுப்போயிருக்கிறது.

"முகம் எங்கே சார்?" என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

"அவங்க கடைசி வரைக்கும் திரும்பலம்மா" என்றார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

அடுத்த மாதம் வந்தது ஒரு காவலாளியின் முதுகு. அதற்கடுத்து, வங்கி வரிசையில் நிற்கும் ஏழு முதுகுகள். நான் அவருக்கு முதுகுக்காரர் என்று பெயர் வைத்தேன். அதை அவர் முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை, நேராகவே சொன்னேன். அவர் சிரித்தார். சார் என்பது நாலாவது படத்தில் அண்ணா ஆனது. அவரும் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அவர் வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவாளராக முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வேலை பார்த்த கண்ணாடி அறை பதிவுக்கூடத்தின் பின்பக்கச் சுவரில் இருந்தது. பாடுகிறவர்கள் எதிரே இருக்கும் வாத்தியக்காரர்களைப் பார்த்துப் பாடுவார்கள். ஆக, ஊரே தலையில் வைத்துக் கொண்டாடிய அத்தனை பேரையும் அவர் பார்த்தது பின்னாலிருந்துதான். திரையில் பத்துப் பேரைத் தூக்கிப் போடும் நடிகர் ஒருவர் வானொலி நாடகத்தில் பேச வந்து, வசனத் தாளைக் கையில் வாங்கியதும் சட்டையின் முதுகு முழுக்க வியர்வையில் நனைந்துபோனதை அவர் பார்த்திருக்கிறார். அந்த ஈரத்தையும் வரைந்தார். நடிகரின் ரசிகர் எவராவது பார்த்திருந்தால் என் கடைக் கண்ணாடி மிஞ்சியிருக்காது.

எல்லோரையும்விட அவருக்குப் பெரியவர் ஒரு பாடகி. வெள்ளிக்குரல் என்றால் எங்கள் தலைமுறையில் யாருக்கும் விளக்கம் வேண்டாம். காலையில் பல் தேய்க்கும்போதும் அந்தக் குரல், பேருந்திலும் அந்தக் குரல், தேநீர்க்கடையிலும் அந்தக் குரல். அண்ணா அவரைப் பத்தொன்பது முறை பதிவு செய்திருக்கிறார். ஒருமுறைகூட முகத்துக்கு நேரே நின்று பேசியதில்லை.

"மேல போறதுக்கு முன்னாடி அவங்க இடது தோள் ஒரு விரல்கடை இறங்கும், தங்கச்சி. எறங்கிச்சின்னா போதும், சுரம் வந்து உக்காந்துடும். எல்லாருக்கும் அப்படித்தான். தோள் இறங்காம மேல போனா குரல் பிசிறும்."

அதை அவர் ஒரு கணக்காகவே வைத்திருந்தார். தோள் இறங்காத பாடகர் உச்சிக்குப் போகும்போது, இவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குமிழைத் திருகி ஒலியைக் கொஞ்சம் குறைத்துவிடுவார். பிசிறு ஒலிநாடாவில் ஏறாது. பாடியவருக்குத் தான் காப்பாற்றப்பட்டது தெரியாது. முப்பத்தோரு வருடம் இப்படி எத்தனையோ பேரின் மானத்தைச் சத்தமில்லாமல் காப்பாற்றியிருக்கிறார்.

ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் பேருந்தில் ஏறி உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தார். எப்போதும் கடைசி இருக்கைதான். மடியில் சின்ன நோட்டு, கையில் பென்சில். மின்கட்டணம் கட்டப் போனால் வரிசையின் கடைசியில் நிற்பார். பின்னால் யாராவது வந்து நின்றால், "நீங்க முன்னாடி போங்க" என்று விலகி வழிவிட்டுத் தான் மறுபடி கடைசிக்குப் போவார். முன்னால் முதுகுகள் இருக்க வேண்டும், தன் முதுகுக்குப் பின்னால் ஆள் இருக்கக் கூடாது. அரைமணி நேர வேலைக்கு அரை நாள் ஆகும். காத்திருக்க அவருக்கு வீட்டில் யாரும் இல்லாததால் அதில் நஷ்டமும் இல்லை.

ஒருமுறை படம் கனமாக இருக்கிறது என்று நானே வாங்கிவரப் போனேன். மூன்றாவது மாடி, ஒற்றை அறை. ஜன்னலோரம் ஓவியத் தாங்கி, பக்கத்தில் பழைய டேப்ரெக்கார்டர். கேசட்டின் ஒரு பக்கம் ஓடி முடியும்வரை வரைவார். 'டக்' என்று நின்றதும் தூரிகையைக் கீழே வைத்துவிடுவார். இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் வண்ணக் குழாய்கள், கந்தல், டர்பன்டைன் பாட்டில். "உக்காரு தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அதை எங்கே காலி செய்வதென்று தெரியாமல் திகைத்து நின்றார். அந்த நாற்காலியில் மனிதர் உட்கார்ந்து வருடக்கணக்காகியிருக்க வேண்டும். நின்றுகொண்டே காபி குடித்துவிட்டு வந்தேன்.

ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் பென்சிலில் ஏதாவது எழுதியிருப்பார். எந்தப் பேருந்து, எந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்று. பின்னால் பழுப்புக் காகிதம் ஒட்டி மூடுவது என் வேலை என்பதால், அதைக் கடைசியாகப் படிக்கிறவள் நான்தான்.

ஒரே ஒரு படம் மட்டும் என்னைப் படாதபாடு படுத்தியது. இளம்பெண்ணின் முதுகு, ஒற்றைப் பின்னல், முன்னால் மைக். சட்டம் அடிக்கக் கொண்டுவருவார், நான் மரத்தை வெட்டி மூலை சேர்ப்பதற்குள் ஓடிவந்து, "இன்னும் முடியல" என்று திருப்பி வாங்கிப் போவார். ஐந்து முறை இப்படி. ஒவ்வொரு முறையும் இடது தோள் மட்டும் மாறியிருக்கும். இறங்கும், ஏறும், மறுபடி இறங்கும். ஐந்தாம் முறை எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அண்ணா, என் கை வலிக்குது. யார் இது, என்னதான் வேணும் உங்களுக்கு?"

கோந்து காயும்வரை வருகிறவர்கள் காத்திருக்கப் போட்டிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். மகள் என்றார்.

இருபத்து மூன்று வயதில் வானொலிப் பாடகர் தேர்வுக்கு வந்திருக்கிறாள். தேர்வாளர்கள் வேறு அறையில் ஒலிநாடாவை மட்டும் கேட்பவர்கள். கண்ணாடிக்குப் பின்னால் அப்பா. நன்றாகத்தான் பாடியிருக்கிறாள். கடைசி வரியில் உச்சிக்குப் போகிறாள், தோள் இறங்கவில்லை. அப்பாவின் கை தானாகக் குமிழுக்குப் போய்விட்டது.

"குறைச்சிட்டேன், தங்கச்சி. ஆனா அவ எட்டிட்டா. தோளே அசையாம, சும்மா நடந்து போற மாதிரி போயிட்டா. கண்ணாடி வழியா எனக்குக் கேட்டுச்சு. டேப்புல இல்ல."

உச்சிக்குப் போகத் தெம்பில்லாத குரல் என்று தேர்வாளர்கள் எழுதிவிட்டார்கள். மறைத்திருக்கலாம். இவர் மறைக்கவில்லை. அன்று வீடு திரும்பும்போது பேருந்திலேயே சொல்லிவிட்டார். அவள் ஒன்றே ஒன்று கேட்டாளாம்: "நான் எட்டமாட்டேன்னு எப்படிப்பா முடிவு பண்ணீங்க?" பதில் வருவதற்குள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்துவிட்டாள். வேலை தேடி வேறு ஊருக்குப் போனாள். பதினான்கு வருடம் ஆகிறது. அம்மா இறந்தபோது வந்து மூன்று நாள் இருந்தாள். அப்பாவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லி அனுப்பினாள்.

எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. "நீங்க பண்ணினது தப்புதான் அண்ணா" என்றேன். "ஆமா" என்றார். அப்புறம் இருவரும் கோந்து காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்குரல் காலமான வருடம் நகரத்து இசை மன்றம் வாசலில் மாட்ட அந்தப் பாடகியின் ஓவியம் ஒன்றை அண்ணாவிடம் கேட்டது. அண்ணா நான்கு மாதம் வரைந்தார். மன்றச் செயலாளர் என் கடைக்கே வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"என்ன சார் இது! கொண்டையும் முதுகும் மட்டும் வெச்சா யாருன்னு எப்படித் தெரியும்?"

"கேட்டவங்களுக்குத் தெரியும்" என்றார் அண்ணா.

செயலாளர் கூட்டிவந்திருந்த வயதான மிருதங்கக்காரர் மட்டும் படத்தின் முன்னால் போய் நின்று கையைத் தொடையில் தட்ட ஆரம்பித்துவிட்டார். "இப்ப மேல போகப் போறாங்க" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. செயலாளர் அந்தப் படத்தையே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அந்தப் படத்தோடு மற்ற படங்களையும் சேர்த்து ஒருவாரக் கண்காட்சி வைப்பதென்று முடிவானது.

அழைப்பிதழ் வந்ததும் அண்ணா மகளின் விலாசத்தை ஓர் உறையில் எழுதினார். எழுதினாரே தவிர அனுப்பவில்லை. பையிலேயே வைத்துக்கொண்டு பத்து நாள் அலைந்தார். "வரமாட்டா. எனக்குத் தெரியும்" என்பார். பதினோராம் நாள் பையிலிருந்து நானே பிடுங்கிப் போய்த் தபாலில் போட்டேன். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவள் என்று என்னை யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

மகளின் படத்தையும் கடைசியாக ஒருமுறை கொண்டுவந்தார். தோள் இறங்கவில்லை. அன்று எப்படி இருந்ததோ அப்படியே விட்டிருந்தார். பின்னால் பாட்டு இல்லை, பேருந்து எண் இல்லை. ஒரே ஒரு சொல்: எட்டினாள். பழுப்புக் காகிதத்தை வெட்டி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதை மட்டும் நான் மூடவில்லை.

ஆறு நாள் அவள் வரவில்லை. அண்ணா தினமும் கூடத்தின் கடைசி நாற்காலியில் வந்து உட்கார்ந்து, படம் பார்க்க வருகிறவர்களின் முதுகுகளை நோட்டில் வரைந்துகொண்டிருந்தார். ஏழாம் நாள் பிற்பகல் மூன்று மணி இருக்கும். நான் கடையை அப்படியே போட்டுவிட்டு அவருக்குத் துணையாக வந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் உள்ளே வந்து, நேராகப் போய் ஒற்றைப் பின்னல் படத்தின் முன்னால் நின்றாள். பின்னல் இல்லை, முடியை வெட்டியிருந்தாள், உடம்பும் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. ஆனால் அந்தப் படத்தை ஆறு முறை கையில் வாங்கியவளுக்கு அந்த முதுகு தெரியாதா?

"அண்ணா" என்றேன்.

அவர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பென்சில் நின்றுவிட்டது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அவள் அசையவில்லை.

"தோள் இறுகிக் கிடக்கு, பாரு. திரும்பமாட்டா" என்று முணுமுணுத்தார்.

"பேசாம இருங்கண்ணா. கொஞ்சம் பொறுங்க."

"எனக்குத் தெரியும் தங்கச்சி." நோட்டைப் பையில் போட்டார், எழுந்தார், செருப்புச் சத்தம்கூட வராமல் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டார். நான் அவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. இன்றுவரை அதற்காக என்னையே திட்டிக்கொள்கிறேன்.

அவர் போய் முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவள் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. கூடம் முழுக்கத் தேடினாள். எழுந்து போய் நான் யாரென்று சொன்னேன்.

"அப்பா இல்லையா?"

"இவ்வளவு நேரம் உனக்குப் பின்னாடிதான் உக்காந்திருந்தார். நீ திரும்பமாட்டேன்னு நெனச்சுப் போயிட்டார்."

அவளுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. "இப்பவும் முன்னாடியே குறைச்சிட்டாரா?" என்றாள்.

நான் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, திருப்பிக் காட்டினேன். படித்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். பென்சில் எழுத்து அழிந்துவிடுமோ என்று எனக்குப் பதற்றம்.

"எங்கே போயிருப்பார்?"

அவர் எங்கே இருப்பார் என்பது எனக்கா தெரியாது? தெருமுனைப் பேருந்து நிறுத்தத்துக்கு அவளைக் கூட்டிப் போனேன். பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். கடைசியில் அண்ணா, தோளில் பை தொங்க, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி. அத்தனை வருடமும் அத்தனை முதுகுகளைப் பார்த்த மனிதரின் முதுகை நான் அன்றுதான் சரியாகப் பார்த்தேன். சட்டையில் தோள்பட்டைத் தையல் விட்டுப்போயிருந்தது. அதை எடுத்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

அவள் போய் அவருக்குப் பின்னால் நின்றாள். காலடி கேட்டதும் அவர் பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்க்காமலே விலகி, "நீங்க முன்னாடி போங்கம்மா" என்றார்.

"வேணாம்பா. நான் உங்களுக்குப் பின்னாடியே நிக்கிறேன்."

அவர் உடனே திரும்பவில்லை. ஆனால் நான் பக்கவாட்டில் நின்றிருந்தேன், நன்றாகப் பார்த்தேன். அவருடைய இடது தோள் ஒரு விரல்கடை இறங்கியது.

பேருந்து வந்தது, முன்னால் நின்ற எல்லோரும் ஏறினார்கள், அது போய்விட்டது; அப்பாவும் மகளும் நிறுத்தத்திலேயே நின்றார்கள். நான் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்திருந்தேன்.