இரண்டு கறுப்புக் கிளிப்புகள்

அன்று கல்லூரி மின்னியல் ஆய்வகத்தில் நானும் மூன்றாமாண்டு மாணவர்கள் நான்கு பேரும் இருந்தோம். துறைத் தலைவர் இல்லை. நாகர்கோவிலில் ஏதோ கூட்டம். போகும்போது, "பிள்ளைக கம்ப்யூட்டர்ல படிச்சத மேசையில ஒருக்கா செஞ்சு காட்டட்டும் தம்பி. செஞ்சா அடுத்த பருவமும் உம்ம கம்ப்யூட்டர் கிளாஸ் உண்டு. இல்லேன்னா பழையபடி கரும்பலகைதான்" என்று சொல்லியிருந்தார்.

மின்சுற்றுகளைக் கணினியில் வரைந்து ஓட்டிப் பார்க்கும் அந்த வகுப்பை நான்தான் கேட்டு வாங்கியிருந்தேன். அருமனையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அப்பாவுக்கு அது இன்னும் விளங்கவில்லை. "நீ கரண்டு வாத்தியாரா, கம்ப்யூட்டர் வாத்தியாரா மக்கா?" என்பார்.

சுற்று சின்னதுதான். தைரிஸ்டர் என்பது நாம் சொல்லும் நொடியில் திறக்கிற மின்கதவு. அது மின்சாரத்தை நறுக்கி ஒரு பல்புக்கு அனுப்பும். மின் அலையைத் திரையில் காட்டும் அலைக்காட்டிக்கு இரண்டு சானல்; ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்புக் கிளிப், ஒரு கறுப்புக் கிளிப். ஒரு சானலைப் பல்பின் இரு முனைகளிலும், மற்றதைத் தைரிஸ்டரின் இரு முனைகளிலும், மென்பொருளில் வரைந்தபடியே மாட்டினார்கள். நானும் சரிபார்த்தேன். சுவிட்சைப் போட்டதும் டப். பல்பு எரியவில்லை, தைரிஸ்டர் புகைந்தது.

"லேய், தலைகீழா மாட்டிட்டியா?" என்று ஒரு மாணவன் இன்னொருவனைக் கேட்டான்.

"இல்லலே, படத்துல உள்ளதுதான். சார், நீங்களும் பாத்தியள்லா?"

பார்த்தேன்தான். கணினியில் மறுபடி ஓட்டினேன். அலை அழகாக வந்தது. தைரிஸ்டர்தான் கேடு என்று புதிது போட்டோம். மறுபடியும் டப். இந்த முறை அலைக்காட்டி வயரின் உறையும் உருகிவிட்டது.

"கம்ப்யூட்டருக்கு ஷாக் அடிக்காதுல்லா சார், அதான் அதுக்குப் பயமில்ல" என்றான் ஒருவன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படம் சரி, இணைப்பும் சரி. பிறகு எது தப்பு?

மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒவ்வொரு முனையிலும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். அலைக்காட்டியின் இரண்டு கறுப்புக் கிளிப்புகளையும் தொட்டபோது, இணைப்பு உண்டு என்று மீட்டர் கீச்சென்றது. உள்ளே இரண்டும் ஒரே வயர்! கணினியில் அப்படி இல்லை. அங்கே எங்கு வேண்டுமானாலும் மாட்டி அளக்கலாம். இங்கே பல்பின் ஒவ்வொரு பக்கமும் ஒரு கறுப்புக் கிளிப். மின்சாரம் பல்பை விட்டுவிட்டு அலைக்காட்டி வழியாகவே ஓடியிருக்கிறது; தடுக்கப் பல்பு இல்லாததால் மொத்தமும் தைரிஸ்டரில் பாய்ந்து அதைக் கருக்கியிருக்கிறது.

மிச்சமிருந்த தைரிஸ்டரைப் போட்டு, ஒரு சானலை மட்டும் மாட்டி, ஒவ்வொன்றாக அளந்தோம். பல்பு எரிந்தது. கணினியில் கண்ட அதே அலை.

சாயங்காலம் தலைவர் வந்து எல்லாவற்றையும் கேட்டார்.

"அப்போ கம்ப்யூட்டர் சொன்னது பொய்யா தம்பி?"

"இல்ல சார்."

"மேசை பொய்யா?"

"அதும் இல்ல சார்."

"பின்ன?"

இரண்டு கறுப்புக் கிளிப்புகளையும் எடுத்து அவர் முன்னால் சேர்த்துப் பிடித்தேன்.

"சரி, கிளாஸ் நடக்கட்டும். செலவ அஞ்சு பேரும் பங்கு போட்டுக்கிடுங்க."

கோட்டாறு கடையில் இரண்டு தைரிஸ்டருக்கும் ஒரு வயருக்குமாக ஐந்நூற்று எண்பது ரூபாய் ஆனது.