வாலை இழுத்துப் போகும் மிருகம்

பத்தாம் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள், எழுத வந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். பிழை இருந்தால் வாசிக்கிறவர்கள் மனதுக்குள் திருத்திக்கொள்ளட்டும்.

கட்டுகஸ்தோட்டைக்கு மேலே ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். என் கணவர் பாலத்தடியில் ஆட்டோ ஓட்டியவர். போன மழைக்காலத்தில் பாரிசவாதம் வந்து அவருடைய வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் ஓரளவு திரும்பியது, இழுத்து இழுத்து நடந்தார். கை திரும்பவில்லை. ஆட்டோவுக்கு வலது கைதான் முக்கியம். அந்தப் பக்கத்துப் பிடியை முறுக்கினால்தான் வண்டி நகரும். சின்னச் சின்னப் பொருட்களை வலது விரல்களால் எடுத்து வைத்துப் பழகச் சொன்னார் கிளினிக்கில் பயிற்சி கொடுக்கும் மிஸ்.

நான் அக்குறணையில், வெளிநாட்டுப் பழைய சாமான் விற்கும் கடையொன்றில் துடைத்து அடுக்கும் வேலை செய்கிறேன். முதலாளியின் மனைவி ஒருநாள் ஒரு பெட்டியைத் தந்தார்.

"இதக் கொண்டு போங்க புள்ள. மாப்பிளட விரலுக்கு வேல வேணும்டு சொன்னீங்கதானே."

துண்டு துண்டாக வெட்டிய அட்டைப் படம் அது. பொருத்திப் பொருத்திச் சேர்க்க வேண்டும். மூடியில் முழுப் படமும் இருந்தது. மனிதர் பிறப்பதற்கு முந்திய மிருகங்களை அந்தக் காலத்தில் யாரோ கையால் வரைந்த படம். நிறம் மங்கிப்போயிருந்தது. பின்னால் புகைகிற மலை, முன்னால் சேறு. சேற்றில் ஒரு பெரிய மிருகம் வாலைத் தரையில் போட்டு இழுத்துக்கொண்டு போனது.

"இது என்னடி, கண்டி வாவியில கெடக்குற கபரகொய்யா உடும்புக்குப் பூட்டனா?" என்றார் அவர். பிறகு வெகுநேரம் அதையே பார்த்தார். "இதுக்கும் ஏலாதுபோல. இழுத்துக்கிட்டுத்தான் போகுது."

அவருடைய தம்பி அடிக்கடி போன் எடுப்பார். "அண்ணே, ஆட்டோ சும்மா நின்னா துருப் புடிச்சிரும். நான் எடுத்து ஓட்டுறேனே."

"இந்தப் படம் முடியட்டும்டா. நானே ஓட்டுவேன்."

வேலை முடிந்து மாத்தளை பஸ்ஸில் நின்றபடியே வருவேன். கால் வீங்கியிருக்கும். செருப்பைக் கழற்றுவதற்கு முன், அவர் படம் சேர்க்கும் பலகையைத்தான் பார்ப்பேன். ஒருநாள் மலை வந்திருக்கும், இன்னொரு நாள் ஒரு பல்.

"வலது கையாலயா வச்சீங்க?"

"பின்ன?"

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த நாள் பஸ் ஏறுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, கடை பூட்டு. புசல்லாவையிலிருந்து அவருடைய அக்கா லீக்ஸும் பூசணிக்காயுமாக வந்திருந்தார். நான் பின்னால் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். மதினிக்குச் சும்மா இருக்க வராது. பொருத்தாத துண்டுகள் கிடந்த பெட்டியைக் கிளறிப் பார்த்திருக்கிறார். அடியில் தூசியும் வெள்ளைப் பூச்சியும். சுளகை எடுத்து எல்லாவற்றையும் கொட்டி, வாசலில் நின்று புடைக்கத் தொடங்கிவிட்டார்.

"அக்கா! அது அரிசி இல்ல!"

அந்தச் சத்தத்தில் ஓடி வந்தேன்.

"அரிசின்னா பூச்சிய எடுத்துட்டு ஒல வைக்கலாம். இது எதுக்குடா ஆகும்?" என்றார் மதினி, கை நிற்காமல். காற்று வேறு அடித்தது. துண்டுகள் முற்றத்திலும் தண்ணீர் ஓடும் கானிலும் பறந்தன.

அவர் தட்டுத் தடுமாறி முற்றத்தில் இறங்கிக் குந்தினார். பொறுக்கத் தொடங்கினார். எல்லாம் இடது கை. இரண்டு விரலால் எடுத்து, மண்ணைத் தட்டி, திருப்பி, எந்தப் பக்கம் மேலே என்று பார்த்து மடியில் போட்டது அந்தக் கை. நெடுநாள் பழகிய கை. வலது கை மண்ணில் கிடந்தது. ஒரு துண்டு அந்த உள்ளங்கையிலேயே வந்து விழுந்தது. அதைக்கூட இடது கைதான் வந்து எடுத்தது.

மதினிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஒண்ணு ரெண்டு போனா என்னடா, வாலு பெரிசாத்தானே இருக்கு," என்று சிரித்தார்.

பின்னேர பஸ்ஸில் மதினியை ஏற்றிவிட்டு வந்து கேட்டேன். "இவ்வளவு நாளும் இந்தக் கையாலயா?"

அவர் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மொதல்ல அந்தக் கையாலதான் பாத்தேன். ஏலாது. நீ வேல முடிஞ்சு வர்ற நேரம் படம் கொஞ்சமாவது கூடியிருக்கணும்ல."

கோபப்படத் தெம்பு இல்லை. தேநீர் ஊற்றினேன். எப்போதும் கோப்பையை வலது கையில் வைத்து விரல்களை மடக்கிவிடுவேன். அன்று இடது கையில் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார்.

மறுநாள் அவரே தம்பிக்குப் போன் எடுத்தார். பகல் தம்பி வந்து ஆட்டோவைக் கொண்டுபோனார். நான் வேலைக்குப் போயிருந்தேன்.