ஜன்னலுக்குப் போகாத படம்

போட்டோக் கடையில் அவளை ஜன்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். அச்சு இயந்திரத்திலிருந்து எந்தப் படம் வந்தாலும், ஈரம் காயும்வரை பொறுத்திருந்து, தெருப்பக்க ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்ப்பாள். உள்ளே வந்து டியூப்லைட்டுக்குக் கீழே ஒருமுறை. கடைசியாக, கழிப்பறை வாசலில் தொங்கும் குண்டு பல்புக்குக் கீழே ஒருமுறை. படம் வாங்க வந்தவர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருப்பார்.

"என்னம்மா, கள்ள நோட்டா அது? இப்படிப் பாக்குறே" என்பார் முதலாளி.

வண்ணப் படங்களால் அவளுக்குத் தொல்லை இல்லை. கறுப்பு வெள்ளைதான் படுத்தும். கறுப்பு வெள்ளைப் படத்தைக் கறுப்பு மையில்தான் அடிப்பார்கள் என்று வேலைக்குச் சேரும்வரை அவளும் நினைத்திருந்தாள். அந்தக் கடை இயந்திரமோ நீலம், சிவப்பு, மஞ்சள் என எல்லாவற்றையும் கலந்துதான் சாம்பல் நிறத்தை உண்டாக்கியது. கலந்து வந்த சாம்பல் டியூப்லைட்டில் சொன்ன பேச்சு கேட்கும். ஜன்னலுக்குப் போனால் லேசாகப் பச்சை அடிக்கும். குண்டு பல்புக்கு வந்தால் சிவப்பு அடிக்கும். 'அடிக்கும்' என்பது கடைப் பேச்சு. படத்தில் இல்லாத நிறம் கண்ணுக்குத் தெரிந்தால் அப்படிச் சொல்வார்கள்.

இதற்கு மாற்று இருந்தது. ஓர் இயந்திரத்தில் வெறும் கறுப்பு மையையும், அதையே நீர்க்கச் செய்த சாம்பல் மைகளையும் மட்டும் ஊற்றிவிட வேண்டும். வேறு நிறமே உள்ளே இல்லாததால் எந்த வெளிச்சத்திலும் படம் பேச்சு மாறாது. அவள் இதைச் சொல்லிச் சொல்லி முதலாளிக்குக் காது புளித்துவிட்டது.

"சாம்பல் மையை ஊத்திட்டா அந்த மெஷின் அப்புறம் கலர் பக்கம் தலைவெச்சுப் படுக்குமா? வர்றவங்க எல்லாம் கலர்தான் கேக்குறாங்க. உன் பேச்சைக் கேட்டா நானே கறுப்பு வெள்ளை ஆயிடுவேன்."

வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் அவள். அண்ணன் வெல்டிங் பட்டறைக்குப் போனதால்தான் அவளால் கல்லூரிக்குப் போக முடிந்தது. இயற்பியல் படித்துவிட்டு போட்டோக் கடையில் சேர்ந்தபோது, "பட்டம் வாங்கிட்டுப் படம் போடுறா" என்று சித்தப்பா ஒருவர் சிரித்தார். "ஒரு எழுத்துதானே குறையுது, விடுங்க சித்தப்பா" என்று அண்ணன் அவர் வாயை அடைத்தான். தங்கையை அவன் புரொபசர் என்றுதான் கூப்பிடுவான். தீப்பொறி பட்டுப் பட்டுத் தழும்பேறிய அவன் கைகளைப் பார்க்கும்போதெல்லாம், இதற்கு ஈடாகத் தான் என்னத்தைத் தெரிந்துகொண்டோம் என்று அவளுக்குத் தோன்றும்.

அண்ணிக்குக் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. அறுத்துத்தான் எடுத்தார்கள். அண்ணி மயக்கம் தெளிவதற்குள் அடக்கம்வரை எல்லாம் முடிந்திருந்தது. அவள் பார்த்தால் தாங்கமாட்டாள் என்று பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். அண்ணன் மட்டும் யாருக்கும் தெரியாமல் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தான்.

அண்ணி வீடு திரும்பிய பின், ஒருநாள் அவன் கடை வாசலில் வந்து நின்றான்.

"புரொபசர், இதைக் கறுப்பு வெள்ளையில போட்டுக் குடு. கலர்ல வேணாம். கறுப்பு வெள்ளையில தூங்குற மாதிரி இருக்கும். அவகிட்ட ஒண்ணுமே இல்லை. இதாவது இருக்கட்டும்."

படத்தை அவள் ஒரு கணம்தான் நிறத்தோடு பார்த்தாள். உடனே நிறத்தை நீக்கி, அச்சுக்கு அனுப்பிவிட்டு, இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். வந்த தாளைக் கவிழ்த்தபடியே உறையில் போட்டு அண்ணனிடம் நீட்டினாள். ஜன்னலுக்குக் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனால் பார்க்க வேண்டியிருக்கும்.

அண்ணி அந்தப் படத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அறையில் ஒரு குண்டு பல்பு. கொஞ்ச நாளில் அவள் அண்ணனோடு பேசுவதை நிறுத்தினாள். சாப்பாட்டுத் தட்டு வைத்தது வைத்தபடி திரும்பி வந்தது. ஒரு சாயங்காலம் நாத்தனாரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"உதட்டைப் பாரு."

அவள் பார்த்தாள்.

"சிவந்திருக்கு. கன்னமும். செத்துப் பொறந்த புள்ளைக்கு எப்படிச் சிவக்கும்? மூச்சு இருந்திருக்கு. நான் மயங்கிக் கெடந்தப்ப எல்லாரும் சேந்து எதையோ மறைச்சிருக்கீங்க. உங்க அண்ணனைக் கேட்டா தலையைக் குனிஞ்சுக்கிறாரு."

குண்டு பல்பு. சிவப்பு அடிக்கிறது. பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. மையைப் பற்றியும் வெளிச்சத்தைப் பற்றியும் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். அண்ணி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"படிச்ச பேச்சு பேசுறே. மையில குத்தம் சொல்லி என் புள்ளையோட மூச்சை நிறுத்தப் பாக்காதே."

வாசல் படியில் உட்கார்ந்திருந்த அண்ணன் நிமிராமலே சொன்னான்: "கொலைகாரனைப் பாக்குற மாதிரி பாக்குறா. நீ போட்டதுதானே. நீயே ஏதாவது பண்ணு." இந்த முறை புரொபசர் என்று சொல்லவில்லை.

விட்டுவிடலாமா என்றும் அவள் யோசித்தாள். அந்தச் சிவப்பு அண்ணிக்குக் கொஞ்ச நேரமாவது உயிரோடிருந்த ஒரு பிள்ளையைக் கொடுத்திருக்கிறது. அதைப் பறிக்கத் தான் யார்? ஆனால் அதே சிவப்பு புருஷனைப் பறித்துக்கொண்டிருந்தது. தான் அன்று ஜன்னலுக்கும் குண்டு பல்புக்கும் போயிருந்தால் இரண்டுமே நடந்திருக்காது.

கடை மூலையில் பழைய இயந்திரம் ஒன்று துணி போர்த்திக் கிடந்தது. சாம்பல் மை ஊற்ற அதைக் கேட்டாள். "அது செத்த மெஷின்மா" என்ற முதலாளி, அவள் முகத்தைப் பார்த்ததும் துணியை உருவிப் போட்டார். "எடுத்துக்கோ. இனிமே கலர்ல வராட்டியும் பரவாயில்ல."

காய்ந்து அடைத்துக்கொண்டிருந்த பழைய நிறங்களை வெதுவெதுப்பான நீர் விட்டுக் கழுவினாள். நீலமும் சிவப்பும் கலங்கலாக வந்துகொண்டே இருந்தன. தெளிந்த நீர் வந்த பிறகு மைகளை ஊற்றி, வெள்ளையிலிருந்து கறுப்புவரை படிப்படியாகச் சாம்பல் கட்டங்களை அடித்துப் பார்த்தாள். நடுவில் ஒரு படி சட்டென்று இருட்டியது. திருத்தினாள். மறுபடி அடித்தாள். படிகள் ஒழுங்காக இறங்கிய பிறகுதான் குழந்தையின் படத்தை அனுப்பினாள்.

இந்த முறை ஜன்னலுக்குப் போனாள். டியூப்லைட்டுக்குப் போனாள். கழிப்பறை வாசலுக்கும் போனாள். மூன்று இடத்திலும் ஒரே முகம். குழந்தைக்கு அண்ணனின் புருவம் அப்படியே இருந்தது. இதை அவள் அதுவரை பார்த்திருக்கவில்லை.

கிளம்பும் முன், கடை வாசலில் கிடந்த கருங்கல்லைப் படம் எடுத்து, கலர் இயந்திரத்தில் கறுப்பு வெள்ளையாக அடித்து அதையும் எடுத்துக்கொண்டாள்.

அண்ணியிடம் முதலில் கல்லைத்தான் நீட்டினாள். அண்ணி அதைக் குண்டு பல்புக்குக் கீழே பிடித்தாள். வெகுநேரம் பிடித்திருந்தாள்.

"கல்லும் சிவக்குது" என்றாள்.

பிறகு புதுப் படத்தை வாங்கிப் பார்த்தாள். பல்பை அணைத்துவிட்டு, ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் பார்த்தாள். மறுபடி பல்பைப் போட்டாள். படம் மாறவில்லை.

"நீ கலர்ல பாத்தே, இல்ல?"

"பாத்தேன் அண்ணி."

"உதடு என்ன நெறம்?"

கதவருகே வந்து நின்ற அண்ணன், வேண்டாம் என்று தலையசைத்தான்.

"நீலம் அண்ணி."

"எந்த நீலம்?"

எந்த நிறத்துக்கும் கடையில் ஓர் எண் வைத்திருப்பவள் அவள். எண் எதுவும் வாயில் வரவில்லை. "ரொம்ப நேரம் பச்சத் தண்ணியில கை வெச்சிருந்தா நகம் ஒரு மாதிரி ஆகுமே. அந்த நீலம்."

அண்ணி தன் விரல் நகங்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"சில்லுன்னு இருந்துச்சா?"

"நான் தொடல அண்ணி."

"நான் தொட்டேன்" என்றான் அண்ணன். தயங்கித் தயங்கி வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். "சில்லுன்னு இல்ல. உன் வயித்துச் சூடு இருந்துச்சு. அது ஆறுற வரைக்கும் வெச்சிருந்தேன்."

அண்ணி அவனுடைய இரண்டு கைகளையும் இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தழும்பு தழும்பாக ஒவ்வொரு விரலையும் தடவி, "இந்தக் கையா? இதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

தங்கை கீழே கிடந்த கல்லின் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.