கருப்பம்மாளும் கேரட் கம்பளியும்

கொடைக்கானல் மேல்மலைக் கவுஞ்சியில் கருப்பம்மாளுக்கு இல்லாதது ஒன்றே ஒன்றுதான். சரிவில் படிப்படியாக மூன்று தட்டு நிலம் இருந்தது, கறவைக்கு மாடு இருந்தது, பாதி பேச்சையாவது கேட்கிற கணவர் நல்லசாமி இருந்தார். கேரட் கம்பளி மட்டும் இல்லை. அது எதிர்வீட்டில், கொழுந்தன் பெண்டாட்டி சுந்தராம்பாளிடம் இருந்தது.

கேரட் நிறத்தில் ஒரு பட்டை, பீன்ஸ் பச்சையில் ஒரு பட்டை, நடுவே பூண்டு வெள்ளை. மார்கழிப் பனியில் அதைப் போர்த்தியவர் வியர்த்த வியர்வையில் கீழ்த்தட்டுக்குத் தண்ணீர் பாய்ந்ததாக ஊரில் பேச்சு. கொடியில் கிடந்த அதைப் பார்த்து மிரண்ட சிறுத்தை பேத்துப்பாறை வரை நிற்காமல் ஓடியதாம். சுந்தராம்பாள் எதையும் மறுத்ததில்லை. தினமும் வெள்ளனே எழுந்து, கருப்பம்மாள் வீட்டுக்கு நேர் எதிரே கொடி கட்டி அதைக் காயப் போடுவாள். வெயில் அடிக்காத நாளிலும் போடுவாள். அதுதான் கருப்பம்மாளின் அடிவயிற்றில் எரியும். முப்பத்தெட்டு வருஷமாக எரிகிறது.

அண்ணன் தம்பி தனித்தனியே உலை வைத்த அன்று, மாமியார் மூத்தவள் கையில் விதைப்பூண்டு மூட்டையைக் கொடுத்தார். விதை மூத்த மருமகளுக்கு என்பது அந்த வீட்டு வழக்கம். இளையவளுக்குக் கம்பளி. அதையும் கையில் கொடுத்திருந்தால் தேவலை, தோளில் போர்த்திவிட்டார். கருப்பம்மாளுக்கு வந்ததோ, அடுப்புக்கு மேலே புகையில் தொங்கித் தொங்கித் தார்போலக் கறுத்த மூட்டை. துணியில் தண்ணீர் பட்டால் விதையின் ராசி போய்விடும் என்று உத்தரவு வேறு. அவளும் படவிடவில்லை. அவள் பூண்டு மாதிரி மேல்மலையில் யாருக்கும் விளையவில்லை என்பது உண்மைதான். ஆனால் ராசியைக் கொடியில் போட்டு யாருக்குக் காட்டுவது?

இந்தத் தை மாதம் லீலா வந்தாள். அந்தக் கம்பளியை நெய்த அய்யம்பாளையம் ஆலைக்காரர் சேனாதிபதியின் பேத்தி. பழைய மாதிரியிலேயே புதுக் கம்பளி நெய்து, கொடைக்கானலில் கடை திறக்கப் போகிறாளாம். சுந்தராம்பாள் வாசலில் அவள் கம்பளியை மடியில் விரித்ததுமே கருப்பம்மாளுக்கு வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது. கிண்ணத்தோடு போய் உட்கார்ந்தாள்.

"சண்டைக் காலத்துல தாத்தா மிலிட்டரிக்குத்தான் கம்பளி போட்டாருங்க," என்றாள் லீலா. "சண்டை முடிஞ்சதும் ஆர்டர் நின்னுபோச்சு. குடோன் நெறைய சாயம் போடாத நூல். தாத்தா தலையில கைவச்சு உக்காந்துட்டாரு. அவரோட அக்காதான் ஒரு காய்கறிக் கூடையத் தூக்கிட்டுவந்து சாயத் தொட்டி பக்கத்துல வச்சாங்க. 'மலைக்காரங்க பாக்குறதெல்லாம் சாம்பல் பனி. போத்திக்கவும் சாம்பலா? இந்தக் கலர்ல முக்குங்கடா'ன்னு சொன்னாங்களாம்."

"ஒரிஜினல்தானான்னு நல்லாப் பாத்துக்க தாயி. இவ வீட்டுக்காரரு சந்தையில என்னத்தையாச்சும் வாங்கிட்டு வருவாரு," என்றாள் கருப்பம்மாள்.

"உப்பு வாங்கியாச்சுல்லக்கா? வீட்டுல சோலி கெடக்கும்," என்றாள் சுந்தராம்பாள்.

லீலா கம்பளியின் ஒரு முனையைத் தூக்கினாள். அங்கே மட்டும் கரை இல்லை. சிவப்பு நூலால் விளிம்பு தைத்திருந்தது. "அம்மா, இது பாதிதான். எங்க ஆலையில ரெண்டு கம்பளிய ஒரே நீளமா நெய்வாங்க, குதிரை மேல போட்டு மலையேத்த வசதின்னு. வாங்கினவங்க நடுவுல வெட்டித் தச்சுக்கணும். ஜோடி எங்கங்க? ரெண்டும் கெடைச்சா கடைச் சுவத்துல சேத்து மாட்டி ரெண்டு வீட்டுப் பேரையும் எழுதிருவேன். இல்லேன்னா இது மட்டும்தான். இவங்க பேரு மட்டும்தான்."

கருப்பம்மாள் உப்பையும் கிண்ணத்தையும் விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள். வருஷா வருஷம் மூட்டைக்கு முடிச்சுப் போடும்போது விரலில் ஒரு தையல் தட்டுப்படும். கரிக்கு உள்ளே சிவப்பு.

"தண்ணி பட்டா ராசி போயிரும்னு அம்மா சொல்லுச்சே," என்றார், அவள் மூட்டையை இறக்குவதைப் பார்த்த நல்லசாமி.

"ஒங்கம்மா எனக்கும் கம்பளிதான் குடுத்திருக்கு. வாயத் தொறந்து சொன்னா என்னவாம்?"

"சொல்லியிருந்தா வெதையக் கீழ கொட்டிட்டு நீ போத்திக்கிட்டுத் திரிஞ்சிருப்ப."

கழுவினால் ராசி போகும். கழுவாவிட்டால் கொடைக்கானல் முழுக்க சுந்தராம்பாள் பேர். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பிறகு துணியோடு வெளியே வந்து, பூந்திக்கொட்டையை எடுத்துக்கொண்டு ஓடைக்கு நடந்தாள். முதல் அலசலில் ஓடிய கரியில் ஓடை மீனெல்லாம் கறுத்துப்போயின. ஏழாவது அலசலில் கேரட் வந்தது, அப்புறம் பீன்ஸ். வெள்ளை மட்டும் கடைசிவரை வெள்ளையாகவே வரவில்லை.

சித்திரையில் கடை திறந்தார்கள். இரண்டு பாதியையும் சிவப்புத் தையலில் சேர்த்து நடுச்சுவரில் மாட்டியிருந்தாள் லீலா. கீழே இரண்டு பேர்கள். மூத்தவள் பேர் முதலில். கருப்பம்மாள் அதை மூன்று முறை வாய்விட்டுப் படித்தாள்.

சுந்தராம்பாள் பக்கத்தில் வந்து நின்றாள். "தண்ணியக் காட்டிட்டீங்களேக்கா. ராசி போச்சு. இனிமே ஒங்க பூண்டும் எங்க பூண்டும் ஒண்ணுதான்." சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்தது. "அத்தை எனக்கு ஒரு பல்லு வெதை குடுத்தாங்களா? வெறும் கம்பளி. நல்ல வெதை பூராவும் ஒங்க அடுப்புக்கு மேல. அந்த வயித்தெரிச்சல்லதான் தெனமும் ஒங்க வாசலுக்கு எதுத்தாப்புல காயப் போட்டேன்."

எதிர்வீட்டிலும் முப்பத்தெட்டு வருஷமாக எரிந்திருக்கிறது! கருப்பம்மாளுக்கு நெஞ்செல்லாம் குளிர்ந்தது.

அப்போது லீலா கேட்டாள்: "அம்மா, ஒங்க பாதியில ஒரு மூலை இல்லையே. எலி கடிச்சிருச்சா?"

"ஆமா தாயி, எலிதான்."

சுந்தராம்பாள் நிமிர்ந்து பார்த்தாள். மூலையில் ஒரு சாண் துணி இல்லை. அரிவாளால் நறுக்கியதுபோல நேராக இருந்தது விளிம்பு. எந்த எலியும் அப்படிக் கடிக்காது. தண்ணீரே படாத அந்த ஒரு சாண் கறுப்புத் துணி, இந்த நேரம் விதைப்பூண்டோடு யார் அடுப்புக்கு மேலே தொங்குகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மலர்ந்த முகம் சுருங்கியது.

தாழ்ந்த குரலில் கேட்டாள்: "ஏக்கா, அந்த எலி ரெண்டு பல்லு வெதையோட எங்க வீட்டுப் பக்கமும் ஒரு நாளைக்கு வருமா?"

"மொதல்ல வாசல்ல கெடக்குற அந்தக் கொடிய அவுத்துப் போடு," என்றாள் கருப்பம்மாள். "பெறகு எலிகிட்டக் கேட்டுச் சொல்றேன்."