ஊசியில் நூல் தீரும்வரை ஒரு கதை

காலை ஏழரை மணிக்குத் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறும்போது என் தோள்பையில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. மூன்றாவது புத்தகம் கையில் இருந்தது. பையில் இருந்தவை காசிமேட்டுக்கு. கையில் இருந்தது எனக்கு, வழியில் படிக்க.

புத்தகம் எடுத்துக்கொண்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் சிரித்தார். "வரும்போது வஞ்சிரம் வாங்கிட்டு வா" என்றார். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுப்பகுதிவரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது, அது மீன்கள் இனம் பெருக்கும் காலம், அதனால்தான் இப்போது போகிறேன் என்றெல்லாம் விளக்க எனக்குப் பொறுமை இல்லை. டிபன் டப்பாவை மூடிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

விஷயம் இதுதான். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஒரு சின்ன மாதப் பத்திரிகையில் கோடைக்கு என்ன படிக்கலாம் என்று வருஷத்துக்கு ஒரு பக்கம் எழுதுகிறேன். அதற்கு இதுவரை வந்த பாராட்டு ஒன்றே ஒன்று. அதை அனுப்பியவள் என் சொந்த அக்கா. இந்த வருஷம் என் எண்ணைத் தேடிப்பிடித்து ஒரு பெண் போன் செய்தாள்.

"யக்கா, எம் பேரு ரெஜினா. போன வருசம் ஒரு கொலக்கத படிங்கோன்னு எழுதினீங்கோ பாரு, அத்தால நான் ரொம்ப பேஜாராயிட்டேன். நீங்களே வந்து சரி பண்ணிக் குடுங்கோ."

ரெஜினா காசிமேட்டில் மீன் விற்பவள். தடைக்காலத்தில் படகு கட்டியிருக்கும். ஆண்கள் நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைச் சீராக்குவார்கள். அவள் புருஷன் வேலைசெய்யும் படகின் ஆட்களுக்கு, அந்த இரண்டு மாதமும் அவள் கதை படித்துக்காட்டுவாள். போன வருஷம் நான் சிபாரிசு செய்த கொலைக்கதையைப் படித்திருக்கிறாள். கொலைகாரன் யார் என்று தெரியாமல் ஒருத்தர் கையும் ஓடவில்லையாம். தடை முடிந்து மற்ற படகுகள் கடலுக்குப் போன அன்று இவர்கள் வலை முடிய இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்ததாம். புத்தகம் நன்றாக இருந்ததால் நஷ்டம் என்று என்மேல் புகார் வந்தது அதுதான் முதல்முறை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கடற்கரை நிலையத்தில் இறங்கிக் கும்மிடிப்பூண்டி ரயிலுக்கு மாறினேன். அடுத்த நிறுத்தமே ராயபுரம். வெளியே ரெஜினா நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும், கழுத்தில் சிலுவை, தலையில் ஈரம் காயாத கொண்டை. என்னைப் பார்த்ததும், "போட்டோல கொஞ்சம் குண்டா தெரிஞ்சீங்கோ" என்றாள். அந்த வார்த்தைக்கே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

ஷேர் ஆட்டோவில் ஆளுக்குப் பதினைந்து ரூபாய். கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்து நின்றதால் இரண்டு கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான தூரத்தைக் கடக்க அரைமணி ஆனது. டிரைவர் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே வந்தவர், "புக்கா? ஏசி ரூமுல குந்திகினு படிக்கிறதுக்கா?" என்றார்.

"இல்ல நைனா, வல கட்டறதுக்கு" என்றாள் ரெஜினா. அவர் கண்ணாடியில் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு ஹாரனை அழுத்தினார்.

லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் இன்றைய நிலவரத்தைச் சொன்னாள். படகின் ஓனர் தேசிங்கு, இந்த வருஷம் கதை கிதை எதுவும் வேண்டாம், பாட்டுப் பெட்டி வைத்துவிடுகிறேன் என்று முடிவெடுத்துவிட்டாராம். கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாள் வாங்கியிருக்கிறாள். இன்று மதியத்துக்குள் கை நிற்காமல் கேட்கிற மாதிரி ஒரு கதையைக் காட்டவேண்டும். இல்லாவிட்டால் பாட்டுப் பெட்டிதான்.

"பாட்டு கேட்டா என்ன, நல்லாத்தானே இருக்கும்?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "வருசம் பூரா இந்தத் தொண்டைல மீனு வெலதான் கூவிகினு கீறேன்க்கா. யாரும் நின்னு கேக்கமாட்டான், வெல கொறைக்கத்தான் நிப்பான். இந்த ரெண்டு மாசந்தான் நான் வாயத் தொறந்தா பத்துப் பேரு கம்முனு கேக்கறாங்கோ. அதுவும் பூடுச்சின்னா எனக்கு இன்னா கீது?"

பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்பதரை மணிக்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தோம். படகுகள் ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு நின்றன. ஐஸ் உடைக்கும் இயந்திரங்கள் சும்மா கிடந்தன. எங்கு பார்த்தாலும் தச்சர்களின் சுத்தியல் சத்தம், புதுப் பெயிண்ட் வாசனை, அதையும் மீறிய கருவாட்டு வாசனை. ஒரு தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே பத்துப் பேர் பச்சை வலையை மடியில் போட்டு, நூல் சுற்றிய தட்டையான வலை ஊசிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் சவரி, நரைத்த மீசைக்காரர். ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஓனர் தேசிங்கு, வெள்ளைச் சட்டையில். அவர் காலடியில் பாட்டுப் பெட்டி தயாராக இருந்தது.

"வாங்கம்மா, குந்துங்கோ. ஒங்க கொலகாரன் எனக்கு ரெண்டு நாள் கடல் வேலய சாவடிச்சான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் எனக்கு உறைத்தது.

முதல் புத்தகம் ஒருவர் பனிமலைக்குப் போய்வந்த அனுபவம். சென்னை வெயிலில் படித்தால் உடம்பு குளிரும் என்று நானே இரண்டு முறை எழுதியிருக்கிறேன். ரெஜினா கணீரென்று படித்தாள். கைகள் ஓடின, குறையே இல்லை. ஆனால் காதுகள் ஓடிப்போய்விட்டன. சவரி பக்கத்து ஆளிடம் மகள் கல்யாணப் பந்தல் பற்றிப் பேச ஆரம்பித்தார். "மலை மேல ஐசு கீது, சர்தான். நம்ம ஐஸ் பாக்டரிலயுந்தான் கீது" என்றார் இன்னொருவர். ரெஜினாவின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, மீன் கூடையைக் கீழே வைப்பதுபோல் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

இரண்டாவது நகைச்சுவைக் கதைகள். ஊமைச் சிரிப்பு இல்லை, குபீர்ச் சிரிப்பு வகை. முதல் பக்கத்திலேயே பந்தல் அதிர்ந்தது. மாப்பிள்ளை பார்க்க வந்தவர் பாயசத்தில் பல்செட்டைத் தொலைக்கும் இடத்தில் சவரி தொடையைத் தட்டிச் சிரித்தார். ஒருவர் ஊசியைப் போட்டுவிட்டு மணலில் தேடினார். பத்துப் பேர் கையும் நின்றுபோயிருந்தது. தேசிங்கும் சிரித்தார், ஆனால் சிரித்து முடித்ததும் பாட்டுப் பெட்டியின் ஒயரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. ரெஜினா என்னைப் பார்த்தாள். என்னிடம் வேறு புத்தகம் இல்லை. வாயைத் திறந்து அதைச் சொல்வதற்குள் என் மடியிலிருந்ததை அவள் உருவிவிட்டாள்.

"இது இன்னாதுக்கா?"

"அது வேண்டாம். நானே பாதிதான் படிச்சிருக்கேன்."

அது யாரோ ஒரு வாரப்பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்துப் பைண்டு பண்ணிய பழைய தொடர்கதை. நடைபாதைக் கடையில் வாங்கியது. தலைப்பு இருந்த ஓரத்தைப் பைண்டர் வெட்டித் தள்ளிவிட்டதால் பெயரும் தெரியாது, எழுதியவரும் தெரியாது. ஒரு வீடு, ஒரு கிணறு, இரண்டு மருமகள்கள். அவ்வளவுதான் கதை. இதை யாருக்கும் சிபாரிசு செய்ய எனக்குத் தோன்றியதே இல்லை. வெற்றிலை போடுவதுபோல் ரகசியமாக நான் மட்டும் ரசிக்கும் சரக்கு.

ரெஜினா முதல் அத்தியாயத்தை எடுத்தாள். மூத்தவள் கிணற்றுக் கயிற்றை ஒளித்துவைக்கிறாள். இளையவள் வசந்தா குடத்தோடு நிற்கிறாள். "அடிப்பாவி" என்றார் சவரி, முடிச்சுப் போட்டுக்கொண்டே. ஆளாளுக்கு ஒரு கருத்து சொன்னார்கள். ஊசிகள் தம்பாட்டுக்கு வலைக்கண்களில் நுழைந்து வெளியே வந்துகொண்டிருந்தன. சண்டைக் கதைக்கு வாய் போதும், கை வேண்டாம் போலிருக்கிறது. கடைசிப் பத்தியில் வசந்தா டிரங்குப் பெட்டியோடு வாசலுக்கு வருகிறாள். மாமியார் குறுக்கே நிற்கிறாள். தொடரும்.

"அய்யோ!" என்று பத்துப் பேரும் கத்தினார்கள். அந்தச் சமயத்தில் பார்த்தேன், சவரியின் ஊசி காலியாக இருந்தது. பக்கத்தில் இருந்தவருடையதும் கிட்டத்தட்ட காலி. எல்லோரும் புது நூலைச் சுற்ற ஆரம்பித்தார்கள். எப்படியும் கை நிற்கவேண்டிய நேரம் அது. அவர்கள் சுற்றி முடிக்கும்வரை ரெஜினா தண்ணீர் குடித்தாள்.

இரண்டாவது அத்தியாயமும் அப்படியே முடிந்தது. மூன்றாவதில் நாலைந்து பேருக்குக் கொஞ்சம் நூல் மிச்சம் இருந்தது. அதையும் அவசரமாகக் கட்டி முடித்துவிட்டு, "சுத்தியாச்சி, படி படி" என்றார்கள். அடுத்த அத்தியாயம் வேண்டும் என்பதற்காகவே வேகமாகக் கட்டினார்கள். வாரத்துக்கு ஒன்றாக எழுதிய அந்தப் பெயர் தெரியாத மனிதர், ஓர் ஊசி நூலின் அளவுக்கு அளந்து எழுதியிருந்தார். பாவம், அவருக்கே தெரியாது.

தேசிங்கு எழுந்துவந்து வலையைத் தூக்கிப் பார்த்தார். ஒயரைச் சுருட்டிப் பாட்டுப் பெட்டிமேல் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். ரெஜினா புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

மதியம் காலடிப்பேட்டையில் ரெஜினா வீட்டில் சாப்பாடு. தடைக்குள் வராத நாட்டுப் படகில் வந்த சின்ன மீனில் குழம்பு, சுடுசோறு. மூன்று மணிக்கு மெட்ரோ நிலையம்வரை வந்து வழியனுப்பினாள். புத்தகம் அவள் கக்கத்திலேயே இருந்தது. அவளிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் படித்திருந்த இடத்தில் அடையாளமாக வைத்த பழைய பஸ் டிக்கெட் மட்டும் அதில் நீட்டிக்கொண்டிருந்தது. வசந்தா ரயிலேறிவிட்டாள், புருஷன் பிளாட்பாரத்தில் ஓடிவருகிறான், அந்த இடம்.

"யக்கா, முடிவு எனக்கும் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது. தெனம் போன்ல பேசி அனுப்பறேன்" என்றாள்.

விமான நிலையம்வரை மெட்ரோ, திரிசூலத்திலிருந்து மின்சார ரயில். பெட்டி முழுக்க ஆளுக்கொரு போன், காதில் ஆளுக்கொரு ஒயர். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நான் ஒரு அறையில் படிப்பேன், வீட்டுக்காரர் ஒரு அறையில் படிப்பார். அவர் என்ன படிக்கிறார் என்று நான் கேட்டு வருஷங்கள் ஆகின்றன. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் வஞ்சிரம் எங்கே என்று கேட்டபோது அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கிணற்றுக் கயிற்றில் ஆரம்பித்துக் கதையைச் சொன்னேன். கதை ரயிலில் வந்து நின்றதும் மனிதர், "அப்புறம்?" என்றார்.

தினமும் பதிவு வந்தாலும், அவர்கள் நான் விட்ட இடத்தை எட்டி அந்த அப்புறம் வருவதற்குப் பதினெட்டு நாள் ஆனது. ரெஜினாவின் குரல் பதிவு. இருவரும் சமையலறையில் நின்று கேட்டோம். பின்னால் சுத்தியல் சத்தம், காக்கைகள், அலை. ரயில் நகர்கிறது, புருஷன் ஓடிவருகிறான், வசந்தா ஜன்னலைத் திறக்கிறாள், தொடரும். வழக்கமான "அய்யோ". நூல் சுற்ற நேரம் விடவேண்டும் என்று ரெஜினாவும் நிறுத்தினாள்.

அப்போது தேசிங்கின் குரல் கேட்டது. "நிறுத்தாத ரெஜினா, படி. என் ஊசில இன்னும் நூலு கீது."

பந்தல் முழுக்கச் சிரிப்பு. அதற்கு நடுவில் சவரி கத்தினார்:

"ஓனரே, ஒங்க கைல ஊசியே இல்லியே!"