வரிசையில் ஒரு மஞ்சள் பூ

1. கைப் பழக்கம்

ஊத்துக்கோட்டை பக்கம் ஒரு ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்க்கிறேன். அதற்கு முன் விதைக் கம்பெனி வயலில் கலவன் பிடுங்கினேன். கலவன் என்றால் வரிசையில் வேறு மாதிரி நிற்கும் செடி. கண்டால் பிடுங்க வேண்டும், யோசிக்கக் கூடாது. கை அப்படிப் பழகிவிட்டது.

பண்ணையில் இரண்டு காட்டு வேர்க்கடலைகளை கிராஸ் பண்ணியிருந்தார்கள். ஒன்று ஆரஞ்சுப் பூ, ஒன்று மஞ்சள். பிறந்த செடி ஆரஞ்சாகப் பூத்தது. ஆனால் காய்க்கவில்லை. செடி ஆராய்ச்சி செய்யும் டாக்டர் மேடம் கொல்சிசின் மருந்து வைத்தார். குரோமோசோம் இரட்டிப்பானது, காய் பிடித்தது. அந்த ஒரு செடியின் விதையைத்தான் பட்டம் பட்டமாக விதைத்து வந்தோம். எல்லாமே ஆரஞ்சு.

ஒரு காலை அதில் ஒரு செடி மஞ்சளாகப் பூத்து நின்றது.

விதையைப் பையில் போட்டு வைப்பது மேரியின் வேலை. சூப்பர்வைசர் குமார் அவளைத்தான் பார்த்தார்.

“இன்னா மேரி, பேசிக்கினே வெதைய கலந்துட்டியா? நாளையிலேர்ந்து நீ வரவேணாம். சரோஜாக்கா, அத்த புடுங்கிப் போடு.”

நான் குனிந்து தண்டைப் பிடித்துவிட்டேன். மேரி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“புடுங்காதக்கா. புடுங்கிட்டா நான் கலந்தேன்னே ஆயிடும். அது நின்னாத்தான் இன்னா ஏதுன்னு பாக்க முடியும்.”

மேரி கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றில் ஆள் குறைத்தபோது வெளியே வந்தவள். இதை விட்டால் அவளுக்கு வேறு வேலை இல்லை.

பூவுக்கு அடையாளம் கட்டும் சிவப்பு நூல் என் முந்தானையில் இருந்தது. எடுத்துத் தண்டில் கட்டினேன்.

“மேடம் பாக்கட்டும் சார்.”

“நீயும் ஊட்டுக்குப் போறியாக்கா?” என்றார் குமார்.

“பாத்துட்டுப் போறேன்.”

2. மிக்சி

மேடம் வந்து செடியருகே உட்கார்ந்தார். யாரையும் திட்டவில்லை. ஓர் இலையைக் கிள்ளி லேப்புக்கு அனுப்பினார். ரிசல்ட் வரும்வரை மேரி வரட்டும் என்றார். குமார் சார் அவளைக் களையெடுக்க விட்டார். விதைப் பையைத் தொட விடவில்லை.

ரிசல்ட் வந்தது. வெளி விதை இல்லை. அதே தாய்ச்செடியின் பிள்ளைதான்.

“அப்ப பூ எப்படி மேடம் மாறும்?” என்று கேட்டேன்.

“இதுக்குள்ள ரெண்டு செடியோட ஜீனும் முழுசா இருக்குது. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. அதனால சில சமயம் ஒண்ணோட துண்டு இன்னொண்ணோட இடத்துல போய் உக்காந்துக்கும். ஆரஞ்சு இருந்த இடத்துல மஞ்சள் உக்காந்துடுச்சு. இப்ப ரெண்டு இடத்துலயும் மஞ்சள்தான்.”

“எங்க ஊட்லயும் இதே கததான் மேடம்,” என்றாள் மேரி. “நான் கொண்டாந்த மிக்சிய கடாசிட்டு, அந்த எடத்துல எங்க மாமியாரு அவங்களுது மாதிரியே இன்னொண்ணு வாங்கி வச்சாங்க. கேட்டா, ரெண்டு மிக்சி இருக்குதேன்றாங்க.”

மேடம் சிரித்தார். குமார் சார் சிரிக்கவில்லை. விதைப் பையை மேரியிடம் நீட்டினார்.

எனக்கு மனசு ஆறவில்லை. “கடைசியில ரெண்டுல ஒரு செடியோட ஜீன் மட்டும்தான் நிக்குமா மேடம்?”

“தெரியாதும்மா. ஒரு இடத்துல இது நிக்குது, இன்னொரு இடத்துல அது நிக்குது. பாக்கத்தானே விதைக்கிறோம்.”

அடுத்த பட்டத்தில் அந்தச் செடியின் விதையை மேரியே ஊன்றினாள். பூ எடுத்த காலை இருவரும் நாஷ்டா சாப்பிடாமல் போய்ப் பார்த்தோம். வரிசை முழுக்க மஞ்சள்.

வேறு மாதிரி நிற்கும் செடியைக் கண்டால் இன்றும் வலது கை தண்டுக்குத்தான் போகிறது. இடது கையை நூலுக்குப் பழக்கியிருக்கிறேன். புதிதாக வருபவர்கள் நூல் இல்லாமல் வரிசையில் இறங்க வேண்டாம்.