மஞ்சள் அட்டைக்குப் பஸ் நிற்காது

கேள்வி கேட்டுப் பிழைப்பது, சரக்கு விற்றுப் பிழைப்பதைவிட மோசமான தொழில். புடவை விற்கப் போனால் "வேணாம் போம்மா" என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். சர்வே எடுக்கப் போனால், வீட்டுக்காரர் நம்மைக் குறுக்கு விசாரணை செய்து முடித்த பிறகுதான் நம் கேள்விக்கு வருவார். என்னைப் போலக் கதவு தட்டிப் பிழைத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் பத்தாவது ஃபெயில். ராயக்கோட்டை மண்டியில் தக்காளிக் கூடைக்குச் சண்டை போட்டுப் பேரம் கற்றவள். பிறகு இருபது வருஷம் ஸ்கூட்டியில் புடவை மூட்டையைக் கட்டிக்கொண்டு தளி, ஓசூர் என்று சுற்றினேன். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் எனக்குக் கோபப்படத் தெரியும். ஏற்றத்தாழ்வைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் பெங்களூரிலிருந்து வந்த மாலதி மேடம் இந்த மூன்று மொழிக்காகவே என்னைப் பிடித்து, கேள்வித்தாளைக் கையில் கொடுத்தார். கடைசிக் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: சிலர் மேலேயும் சிலர் கீழேயும் இருப்பதற்கு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள்?

மேடம் போட்ட விதி இரண்டு. சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். எழுதியதை வெளியே மூச்சு விடக்கூடாது. முதல் விதியில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டாவதை ஒரே ஒரு தடவை மீறினேன். அடிபட்டது நான் இல்லை, ரத்னா. அவளே "எழுதுங்கக்கா" என்று சொன்ன பிறகுதான், எல்லோர் பெயரையும் மாற்றி இதை எழுதுகிறேன்.

பேப்பர் கப்

தளிப் பக்கம் ஒரு பெரிய வீடு. கோஸ், ரோஜா என்று கண்ணுக்கெட்டியவரை தோட்டம். வீட்டுக்காரர் வராந்தாவில் நாற்காலி போட்டு, "யாவ ஊரம்மா?" என்று கன்னடத்தில் ஆரம்பித்தார். ஊரைச் சொன்னேன். போதவில்லை. தமிழுக்கு மாறி, "ஊருக்குள்ளயா, காலனிப் பக்கமா?" என்றார். புடவை விற்ற காலமாயிருந்தால் நான் சொல்லியிருக்கும் பதிலை அச்சில் போட முடியாது. சம்பள வேலையாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "வர்ற வழிதாங்க" என்று மழுப்பினேன்.

அவர் உள்ளே பார்த்து ஏதோ ஜாடை காட்டினார். காபி வந்தது. அவருக்கு எவர்சில்வர் டம்ளரில், எனக்குப் பேப்பர் கப்பில். தோட்டத்தில் களையெடுத்துவிட்டு வந்து கீழே நின்ற இரண்டு பெண்களுக்கும் பேப்பர் கப். கேள்வித்தாளில் பதினோராவது கேள்வி, "வேலையாட்களுக்குத் தனி டம்ளர் வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் உண்டா?" என்பது. மனிதர் ரொம்பப் பெருமையாகச் சிரித்தார். அவர் சொன்னதை எழுதும்போது என் பேனா இரண்டு தடவை நின்றது.

"அதெல்லாம் எங்க அப்பா காலம்மா. இப்ப யாருக்கும் தனி டம்ளர் கிடையாது. அந்தப் பாவம் நமக்கெதுக்குன்னு பேப்பர் கப்பு வாங்கி வச்சிட்டோம்."

அட்டையின் நிறம்

ரத்னா சானமாவுக் காட்டை ஒட்டிய ஒரு சின்ன ஊர்க்காரி. அவளுடைய அப்பா, அம்மா எல்லாம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அவள் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருஷமாகக் காண்ட்ராக்டில் இருக்கிறாள். கழுத்தில் மஞ்சள் அட்டை. பக்கத்து மெஷினில் அதே வேலை பார்ப்பவருக்கு நீல அட்டை, நிரந்தர வேலை. நீல அட்டைக்குக் கம்பெனி பஸ் உண்டு. மஞ்சள் அட்டைக்குக் கிடையாது. ஆறு மணி ஷிஃப்டுக்காக அந்த பஸ் ஐந்து மணிக்கு ரத்னாவின் ஊர் வழியாகப் பாதி காலியாகப் போகிறது. மஞ்சள் அட்டைக்காரர்களை ஏற்றும் வேன் மெயின் ரோட்டில்தான் நிற்கும். அங்கே போகக் காட்டோரமாக மூன்று கிலோமீட்டர் இருட்டில் நடக்க வேண்டும்.

"எப்படிம்மா போற? யானை நடமாட்டம்னு வாரத்துக்கு நாலு தடவை மைக்ல சொல்றாங்களே?" என்றேன். வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். ஒரு விடியற்காலையில் ரோட்டோரம் யானை நின்றதாம். இவள் ஒரு புளியமரத்தின் பின்னால் உறைந்து போய் நின்றிருக்கிறாள். பஸ் டிரைவர் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு வருஷமாகத் தினமும் நிறுத்துகிறார். கம்பெனிக்குத் தெரியாது. மஞ்சள் அட்டையை ஜாக்கெட்டுக்குள் சொருகிக்கொண்டு கடைசி சீட்டில் உட்காருவாளாம். ஒன்பது வருஷ உழைப்பாளி, திருட்டு ரயில் ஏறியவள் மாதிரி! மற்றவர்கள் ஒன்றும் சொல்வதில்லையா என்று கேட்டேன்.

"பாக்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்குவாங்கக்கா. அந்தப் புண்ணியமே போதும். நீங்க இத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

ஜன்னல் பக்கம் திரும்பியவர்

அதே பஸ்ஸில் போகும் நீல அட்டைக்காரர் ஒருவரும் என் பட்டியலில் வந்தார். பிரகாஷ், ரத்னாவுக்குப் பக்கத்து ஊர். அவருடைய அப்பாவும் கூலிக்காரர்தான். இவரும் நாலு வருஷம் மஞ்சள் அட்டை மாட்டியவர். டிப்ளமோ முடித்ததால் போன வருஷம் நீலம் கிடைத்தது. நான் ரத்னா பேச்சையே எடுக்கவில்லை. "பஸ்ஸில் இடம் இருந்தால் காண்ட்ராக்ட் ஆட்களை ஏற்றலாமா?" என்று கேள்வித்தாளில் இருந்ததை மட்டும் கேட்டேன். நடந்து கால் தேய்ந்தவர், தாராளமாக ஏற்றலாம் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

தன் அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டார். கெட்டவர் இல்லை. எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டவர். அவர் வீட்டில் எனக்கு டம்ளரில்தான் டீ வந்தது. அதனால்தான் அந்தப் பதில் இன்னும் உறைத்தது.

"ஏத்தலாம்தான்க்கா, தப்பில்ல. ஆனா அவங்களும் அதே பஸ்ல வந்து இறங்கினா, நான் பர்மனென்ட் ஆனது ஊருக்கு எப்படித் தெரியும்?"

மூன்றாவது கட்சி

அன்று ஓசூர் பஸ் ஸ்டாண்ட் எதிரே டீக்கடையில் மேடத்திடம் பொரிந்து தள்ளினேன். அவர் பொறுமையாகச் சொன்னார். படித்தவர்களில் ஒரு கட்சி, கஷ்டமான வேலைக்கும் பெரிய படிப்புக்கும் கூடுதலாகக் கொடுத்தால்தான் ஆள் வரும், ஆகவே மேடு பள்ளம் தேவை என்கிறதாம். இன்னொரு கட்சி, உள்ளே போனவர்கள்தான் வாசலையும் வாசலுக்கு விதியையும் வைக்கிறார்கள், அடுத்தவன் வராமலிருக்கத்தான் விதியே என்கிறதாம். "ரெண்டுமே வேணாம் மேடம். கேட்டு வாங்கத் தெரியாதவங்க கீழ கெடக்கறாங்க, அவ்வளவுதான். நான் கேட்டேன், வந்தேன்" என்றேன். டேபிளைத் தட்டியதில் டீ சிந்தியது.

மேடம் சிந்திய டீயைத் துடைத்தார். கோபமே இல்லை. கோபமில்லாமல் ஒருவர் என்னை இப்படி அடித்தது அதுதான் முதல் தடவை.

"உங்க கட்சியும் இருக்கும்மா, ரொம்பப் பெரிய கட்சி. ஆனா கேட்டு வாங்கினவங்க மட்டும்தான் அதுல பேசறாங்க. கேட்டதால இருந்ததையும் இழந்தவங்கள நாம போய்த்தான் தேடணும்."

நான் ஜெயித்த பேரம்

அந்தத் தொழிற்சாலையில் பஸ், வேன் எல்லாம் பார்க்கும் அதிகாரியையும் பேட்டி எடுக்க வேண்டியிருந்தது. ஏசி அறை. நல்ல மரியாதை. காண்ட்ராக்ட் ஆட்களுக்குப் பஸ் ஏன் இல்லை என்றேன். "இடம் இருந்தா கொடுக்க மாட்டோமாம்மா? சீட்டு பத்தலை" என்றார். பொய்! பேனாவைக் கீழே வைத்தேன். அங்கேயே நான் சர்வேக்காரி இல்லாமல் மண்டிக்காரி ஆகிவிட்டேன். "பத்தலையா? பாதி வண்டி காலியா போவுது சார். உங்க டிரைவரே ஒரு பொண்ணைக் கடைசி சீட்டுல ஏத்திட்டுத்தான் வர்றாரு. கம்பெனி முழுகிப் போச்சா? ஒருத்திக்கு முடியும்னா எல்லாருக்கும் முடியும்தானே?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "நியாயமான கேள்வி. எந்த ரூட்டும்மா?" என்றார். பேரத்தில் எதிராளி இறங்கி வருகிறான் என்றால் இப்படித்தான் கேட்பான். "சானமாவு ரூட்டு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். குறித்துக்கொண்டு, லிஃப்ட் வரை கூடவே வந்தார். இனி மஞ்சள் அட்டைகள் எல்லாம் பஸ்ஸில் போகும் என்று எனக்கு நானே ஒரு ஸ்வீட் கூட வாங்கிக்கொண்டேன். அவர் லிஃப்ட் வாசலில் சொன்ன நன்றியின் அர்த்தம் அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

"ரொம்ப தேங்க்ஸ்ம்மா. இவ்வளவு நாளா இது எங்க கவனத்துக்கே வரல."

மூன்று கிலோமீட்டர்

பத்து நாள் கழித்து விடுபட்ட கையெழுத்து வாங்க ரத்னா வீட்டுக்குப் போனேன். பஸ் கிடைத்ததா என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அவள் கால் விரல்களில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பஸ்ஸில் இப்போது செக்யூரிட்டி ஒருவர் ஏறி அட்டை பார்க்கிறாராம். டிரைவரை வேறு ரூட்டுக்கு மாற்றி, இனி யாரையும் ஏற்ற மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்களாம். ரத்னாவுக்கு வார்னிங். இன்னொரு தடவை என்றால் மஞ்சள் அட்டையும் கிடையாது. தினமும் நாலு மணிக்குக் கிளம்பி நடக்கிறாள். எப்படித் தெரிந்தது என்றுதான் ஊரில் யாருக்கும் புரியவில்லை என்றாள்.

நான்தான் என்று சொன்னேன். மறுநாளே அந்த அதிகாரியைப் பார்க்க ஓடினேன், கம்பெனி கேட்டில் நின்று கெஞ்சினேன். எனக்குக் கெஞ்சவும் தெரியும் என்று அன்றுதான் தெரிந்தது. செக்யூரிட்டி உள்ளே விடவே இல்லை. திரும்பி வந்து ரத்னாவிடம், தினமும் விடியற்காலையில் என் ஸ்கூட்டியில் கொண்டுவிடுகிறேன் என்றேன். எத்தனை நாளைக்கு என்று கேட்டாள். அவள் திட்டியிருந்தால் திருப்பித் திட்டி ஆறியிருப்பேன். அவளோ பிளாஸ்திரியை அழுத்தி ஒட்டிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"நீங்க கேட்டதெல்லாம் நியாயந்தான்க்கா. நாளைக்கு வழியில யானை நின்னா, வந்து அதுகிட்டயும் நியாயம் கேளுங்க."

யார் கண்ணிலும் படாமல் இருப்பது ஒன்றுதான் கீழே இருப்பவர்களுக்கு மிச்சமிருந்த வசதி, அதையும் நான் அடித்துப் பேசி வாங்கி மேலே இருப்பவர்களிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.